தவசிக்கனி பக்கம் சாய்ந்த நாற்றுகள்

முப்பத்து மூன்று வருஷம் உப்பளத்து வெயிலைக் குடித்துவிட்டு, இனிமேல் வெயிலில் இறங்கினால் பார்வை போய்விடும் என்று கண் டாக்டர் கண்டிப்பாகச் சொன்னதால், தம்பி வீட்டு உள்ளறையில் வந்து உட்கார்ந்த தவசிக்கனியின் பக்கமாக, ஒன்பதாம் நாள் காலையில், ஜன்னலோரத்துத் தக்காளி நாற்றுகள் அத்தனையும் திரும்பிவிட்டன. முந்தின நாள் சாயங்காலம் வரைக்கும் அவை ஜன்னலைப் பார்த்துத்தான் வளைந்துகொண்டிருந்தன. விடிந்து பார்த்தால் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இருட்டு மூலையில் கோரைப்பாயில் கால் நீட்டி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவளைப் பார்த்து, தட்டில் இருந்த தொண்ணூற்றெட்டு நாற்றும் ஒருசேரத் தலையை நீட்டிக்கொண்டிருந்தன.

தம்பி பெண்டாட்டி சுயம்பு அதைப் பார்த்துவிட்டு, "மைனி, எந்திச்சு அடுப்படி வாசப்பக்கம் போயி உக்காருங்க" என்றாள். தவசிக்கனி கீரைச் சுளகைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே உட்கார்ந்தாள். மத்தியானச் சோறு வடிப்பதற்குள் நாற்றுகள் அடுப்படி வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தன. சுயம்பு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு "நல்லதாப் போச்சு, அந்த ஜன்னல நம்பி இருந்தது போதும்" என்று சொல்லிவிட்டு ரசத்துக்குப் புளி கரைக்கப் போனாள்.

அந்த ஜன்னலைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவே, புயலடித்த வருஷத்தில் அரசாங்கம் கட்டிக்கொடுத்த அளத்துக் காலனியில் மொத்தம் நாற்பது வீடுகள், ஒன்றின் முதுகில் ஒன்று ஒட்டியபடி. வீட்டுக்கு ஒரு ஜன்னல், அந்த ஒன்றும் வடக்கே பார்த்தது, வடக்கே பார்த்தால் அடுத்த வீட்டுச் சுவர். வெளியே வந்தாலோ கண்ணைக் குத்துகிற வெயில். தோண்டினால் உப்பு, தோண்டாவிட்டாலும் உப்பு, முற்றத்தில் உமரியும் சீமைக்கருவேலும் தவிர வேறொன்றும் தலையெடுத்ததில்லை. செடி வேண்டுமென்றால் லாரியில் செம்மண் கொண்டுவந்து சாக்கில் நிரப்பி மொட்டை மாடியில் வைத்து, வீட்டுக்குள்ளே நாற்று வளர்த்து, அது நிமிர்ந்து நிற்கும் பருவம் வந்ததும் மாடிக்கு ஏற்ற வேண்டும். அந்தப் பருவம்தான் வந்ததே இல்லை. சுயம்பு ஆற்றுப்பாசனத்து ஊரில் வாழைக்கு நடுவே பிறந்து வளர்ந்தவள். பச்சையைப் பார்க்காமல் அவளுக்குச் சோறு இறங்காது. கல்யாணமாகி வந்த எட்டு வருஷமும் விதை போட்டாள், தென்னைநார்த் தூளில் போட்டாள், போனில் வீடியோ பார்த்துக் குழித்தட்டு வாங்கிப் போட்டாள். எட்டு வருஷமும் நாற்று வெளிச்சத்தைத் தேடித் தேடி நூலாக நீண்டு, வெளிறி, ஒரு நாள் கழுத்து அழுகிப் படுத்துவிடும். அவள் படுத்த நாற்றைக் கொட்டிவிட்டு அடுத்த விதையை ஊறப்போடுவாள். பிடிவாதக்காரி.

தம்பி பொன்லிங்கம் உப்பு லாரி ஓட்டுகிறவன். அன்று சாயங்காலம் வந்ததும் அவனுக்கு நாற்றைக் காட்டினார்கள். அவன் குனிந்து பார்த்தான், அக்காவைப் பார்த்தான், மறுபடி நாற்றைப் பார்த்தான்.

"முப்பத்து மூணு வருசம் வாங்கின வெயிலு எங்கதான் போவும்? உள்ளதான கெடக்கும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான்.

அந்த அதிசயத்துக்கு அளத்துக் காலனியில் சொல்லப்பட்ட ஒரே விளக்கம் அதுதான். இன்னொன்று வேண்டுமென்று யாரும் கேட்கவும் இல்லை. ஆனால் அந்த வெயில் வேறு எதற்கெல்லாம் ஆகும் என்று கேட்காமல் விடவில்லை. மூன்றாம் வீட்டுக்காரி ஈர யூனிபாரத்தைக் கொண்டுவந்து தவசிக்கனியின் மடியில் விரித்துப் பார்த்தாள், காயவில்லை. கூழ்வடகம் பிழிந்து சுற்றிலும் பரப்பினார்கள். மூன்று நாளில் புளித்ததுதான் மிச்சம். வெயிலில் சார்ஜ் ஏறுகிற சோலார் விளக்கு ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அது கண்ணைத் திறக்கவே இல்லை. கரண்ட் போனால் அந்த அறையும் எல்லா அறையையும் போல இருட்டாகத்தான் இருந்தது. கடைசியில் கோயில் கமிட்டித் தலைவர் ஆதிலிங்கம் வந்து, எல்லாவற்றையும் விசாரித்து, "இது செடிக்கு மட்டுந்தான் போலருக்கு" என்று தீர்ப்புச் சொன்னார். அவர் சொல்வதற்கு முன்பே பெண்கள் தெருவில் தட்டும் கையுமாக நின்றார்கள்.

தட்டு என்று சொல்வது மரியாதைக்கு. பெயிண்ட் டப்பா, மூடி தொலைந்த டிபன் பாக்ஸ், சிரட்டை, ஓட்டைக் குடம், எல்லாம் வந்தன; மிளகாய், கத்தரி, கேந்திப்பூ, பப்பாளி, துளசி எல்லாம் அவற்றில் முளைத்து வந்தன. ஒருத்தி இலை ஒன்றுகூட இல்லாத ரோஜாக் குச்சியைக் கொண்டுவந்து, "இதுக்கு உசுரு இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்கக்கா" என்று வைத்துவிட்டுப் போனாள், அதுவும் பதினோராம் நாள் சிவப்பாக ஒரு கொழுந்தை நீட்டியது. சுவர் முழுக்கப் பலகையடித்து அடுக்கினார்கள். நடுவில் தவசிக்கனி. ஒரே இடத்தில் இருந்தால் நாற்று ஒரே பக்கமாக வளைந்துவிடும் என்று சுயம்பு கவலைப்பட்டதால், பொன்லிங்கம் பழைய இரும்புக் கடையிலிருந்து சக்கரம் வைத்த நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டான். மற்ற ஊரில் நாற்றுத் தட்டைத் திருப்பி வைப்பார்கள். இங்கே ஆளைத் திருப்பி வைத்தார்கள். காலை இட்டிலி ஆனதும் கிழக்குச் சுவர்ப் பக்கம், மத்தியானம் நடுவில், சாயங்காலம் மேற்குச் சுவர்ப் பக்கம். "மைனி இன்னும் உதிக்கலியா?" என்று கேட்டுக்கொண்டே காலையில் பெண்கள் வருவார்கள். விளக்கு வைத்ததும் அவள் அடுப்படிக்குப் போய்ப் படுத்துக்கொள்வாள், நாற்றும் தூங்க வேண்டுமல்லவா.

நாற்றுகள் குட்டையாக, தடித்த தண்டோடு, கரும்பச்சையாக வளர்ந்தன. நிமிர்ந்ததும் தெருக்காரர்கள் அவரவர் தட்டைத் தூக்கிப்போய், முதல் நாள் மாடிப்படி நிழலில் அரை மணி நேரம், மறுநாள் ஒரு மணி நேரம் என்று வெயில் பழக்கி, ஒரு வாரம் கழித்துச் சாக்கில் நட்டார்கள். அந்தப் பழக்குதலைத் தவசிக்கனி ஆச்சரியமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளை அளத்தில் முதல் நாளே விடியற்காலையில் இறக்கி, பொழுது சாயத்தான் ஏற்றினார்கள். ஒரு செடிக்கு இவ்வளவு பார்க்கிறார்களே என்று அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, கொஞ்சம் அழுகையும் வந்தது.

தம்பி வீட்டுக்கு வந்த புதிதில் அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் இருந்தது. அளத்தில் எல்லோரும் துணியால் முக்காடு கட்டி, கண் மட்டும் தெரிய, அதையும் சுருக்கிக்கொண்டு, தரையைப் பார்த்தபடியேதான் உப்பு வாருவார்கள். நிமிர்ந்தால் வெள்ளை வெயில் கண்ணைப் பிடுங்கும். முப்பத்து மூன்று வருஷம் யாரும் அவளுக்கு முகம் கொடுத்ததில்லை, அவளும் யாருக்கும் கொடுத்ததில்லை. வேலை நின்றபின் தம்பி வீட்டில் இரண்டாம் தரம் குழம்பு கேட்கக் கூச்சப்பட்டு வெறுஞ்சோற்றைத் தின்று எழுந்திருக்கிறாள். இப்போது காலையில் கண் விழித்து உள்ளறைக்கு வந்தால் ஐந்நூறு அறுநூறு தலைகள் அவளைப் பார்த்துத் திரும்புகின்றன. "நல்லா இருங்க மக்கா, நல்லா இருங்க" என்று அவள் சத்தமாகவே சொல்வாள். தட்டை எடுக்க வருகிறவர்கள் குழம்பும் கொண்டுவந்தார்கள், உட்கார்ந்து பேசவும் செய்தார்கள். இதெல்லாம் எனக்கா என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

ஆனால் ஒன்று மட்டும் செய்ய மாட்டாள். நாற்றைத் தொட மாட்டாள்.

"மைனி, காத்து அடிக்காத எடத்துல வளருததுல்லா. ஒரு நாளைக்கு நாலு தரம் உள்ளங்கையால தலையத் தடவிக் குடுத்தாத்தான் தண்டு இன்னும் தடிக்கும். நீங்கதான பக்கத்துல இருக்கீங்க, ஒரு கை தடவிக் குடுங்களேன்" என்று சுயம்பு ஒரு தரம் கேட்டாள்.

"எங்கையி வேண்டாம்ட்டி" என்று சொல்லிவிட்டுத் தவசிக்கனி பனையோலை விசிறியை எடுத்து விசிற ஆரம்பித்தாள். சுயம்பு மறுபடி கேட்கவில்லை. காலனியில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான் அது.

தவசிக்கனி பத்தொன்பது வயதில், ஆடிக் கொடைத் திருவிழாவுக்காக, சந்தனமாரி கோயிலுக்கு முதல் முதலாக முளைப்பாரி போட்டாள். ஊறவைத்த ஒன்பது தானியத்தை மண்சட்டியில் விதைத்து, பூட்டிய இருட்டறைக்குள் வைத்து, பத்து நாள் தண்ணீர் தெளித்து, சாயங்காலம் தோறும் அறை வாசலில் கும்மியடித்து வளர்ப்பார்கள். வெளிச்சமே படாததால் முளை வெளிறி, மஞ்சள் பூத்து, முழ உயரத்துக்கு நெகுநெகுவென்று வளரும். நாற்றுக்கு எது சீக்கோ, பாரிக்கு அதுதான் அழகு. பத்தாம் நாள் தலையில் தூக்கிக்கொண்டு போய்க் கடலில் கரைப்பார்கள். அந்த வருஷம் முப்பது சட்டி வைத்தார்கள். இருபத்தொன்பது முளைத்தன. தவசிக்கனியின் சட்டியில் மண் மட்டும் இருந்தது. அப்போது அவள் அளத்துக்குப் போக ஆரம்பித்து இரண்டு வருஷம். தேரிக்காட்டுப் பக்கம் முருங்கைத் தோட்டத்துக்காரர்கள் அவளைப் பேசி, பூ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். செய்தி அவர்கள் காதுக்குப் போனது. "உப்புக் கை, எங்க தோட்டத்துக்கு ஆவாது" என்று ஆள் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. பறித்த கீரையைத் தொடுவாள், நிற்கிற செடியைத் தொட மாட்டாள். கல்யாண வீட்டில் பாலிகை முளைக்குத் தண்ணீர் தெளிக்கக் கூப்பிட்டால் பாத்திரம் கழுவப் போய்விடுவாள். கோயில் பாரி புறப்படும்போது வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்வாள். முப்பத்தொரு வருஷமும் அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான், தலையில் ஒரு பாரி. அதை யாரிடமும் சொன்னதில்லை.

அந்த வருஷத்து ஆடி வந்தது. பாரி வளர்க்கிற இருட்டறை பொன்லிங்கம் வீட்டுக்கு அடுத்த வீட்டில், ஒரே சுவர். கமிட்டிக்கு அப்போதுதான் உறைத்தது.

"அங்கன இவ உக்காந்திருந்தா, இங்கன பாரி பச்சையால்லா போயிரும்?" என்றார் ஆதிலிங்கம். "பச்சப் பாரி எந்த ஊருலவேய் இருக்கு? அம்மைக்கு முன்னால அதக் கொண்டுபோயி வச்சா, கீரக்கட்டுன்னு நெனச்சிற மாட்டாளா?"

சிரித்தவர்கள் சிரித்தார்கள், ஆனாலும் விஷயம் பெரிசுதான். பாரிக்குப் பொறுப்பான முத்துப்பேச்சியைத் தவசிக்கனியிடம் அனுப்பினார்கள். முத்துப்பேச்சிக்கும் அவளுக்கும் ஒரே வயது. ஒரே அளத்தில், ஒரே பாத்தியில், எதிரெதிரே நின்று உப்பு வார வாருபலகை போட்டவர்கள்.

முத்துப்பேச்சி வந்து நிலைப்படியோரம் உட்கார்ந்தாள். ஏறிட்டுப் பார்க்காமல், புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே, "பத்து நாளைக்கு இந்த ரூமுல இருக்காண்டாமாம். அந்தக் கடைசியில அடுப்படியிலயே இருந்துக்கிடச் சொல்லுதாவ. பாரி பச்சையாயிருமாம்" என்றாள்.

"அதுக்கென்னட்டி, இருந்துட்டுப் போறேன். இதுக்குப் போயி ஏன் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்க? பாரி நல்லா வரட்டும்" என்றாள் தவசிக்கனி.

அவள் ஒரு வார்த்தை கோபப்பட்டிருந்தால் முத்துப்பேச்சி தப்பித்திருப்பாள். இப்படிச் சொன்னதும் அவள் குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்துவிட்டாள். சுயம்பு அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

"ஒஞ்சட்டி என்னாலதான் உடைஞ்சுது, தவசி" என்றாள் முத்துப்பேச்சி.

"எந்தச் சட்டி?"

"பாரிச் சட்டி. வெதச்ச அன்னைக்குச் சாயங்காலம் தண்ணி தெளிக்க நாந்தான் உள்ள போனேன். இருட்டுல கால் தட்டி ஒஞ்சட்டி மேலயே விழுந்துட்டேன். பாரி உடைஞ்சா ஆவாதும்பாங்கல்லா, பயந்துட்டேன். வீட்டுக்கு ஓடிப்போயி ஒரு சட்டிய எடுத்தாந்து, மண்ணையும் பயறையும் அள்ளிப் போட்டு வச்சிட்டேன். எங்கம்ம உப்பு போட்டு வைக்கிற சட்டி அது. கழுவித்தான் வச்சேன், தவசி. பத்து வருசம் உப்பக் குடிச்ச சட்டி, கழுவினாப் போவுமா? எனக்கு அப்பம் தெரியாது."

தவசிக்கனி தன் இரண்டு கையையும் மடியில் மலர்த்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்; உப்பு அரித்த ரேகைகள், வெடித்த விரல் நுனிகள்.

"முப்பத்தொரு வருசம்ட்டி" என்றாள் கடைசியில். "எதுக்க எதுக்க நின்னு வாரினோமே. ஒரு நாளுங்கூட சொல்ல வாய் வரலியா?"

"தெனமும் வந்துது. முக்காட்ட இறுக்கிக் கட்டிக்கிட்டேன்."

தவசிக்கனிக்குக் கோபம் வந்தது. வராமல் இருக்குமா? போன கல்யாணம், போகாத கோயில், தடவிக் கொடுக்காத செடிகள், எல்லாம் ஒன்றாக மனதில் வந்து நின்றன. முத்துப்பேச்சியின் முடியைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் அந்தக் கோபத்துக்கு அடியிலேயே இன்னொன்று குறுகுறுவென்று எழும்பிக்கொண்டிருந்தது. கை கை என்று ஒளித்து வைத்திருந்தேனே, இது வெறும் கைதானா? அவள் நாற்காலியை மிளகாய்த் தட்டு இருந்த பலகைக்கு நகர்த்தினாள். உள்ளங்கையைக் கவிழ்த்து, மூச்சை அடக்கிக்கொண்டு, நாற்றுகளின் தலைமேல் மெதுவாக இழுத்தாள். நாற்றுகள் குனிந்து, கை போனதும் நிமிர்ந்தன. மறுபடி இழுத்தாள். மறுபடி நிமிர்ந்தன. கை முழுக்கப் பச்சை வாசம்.

"மன்னிக்கிறதெல்லாம் அப்புறம் பாப்போம்" என்றாள் திரும்பிப் பார்க்காமல். "மொதல்ல போயி புதுச் சட்டி ஒண்ணு வாங்கிட்டு வா. சூளையில இருந்து நேரா வரணும். நடுவுல ஒங்க வீட்டுக்குள்ள நொழையப்படாது."

முத்துப்பேச்சி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து ஓடினாள்.

மறுநாள் அங்கே முப்பது சட்டியிலும் இங்கே அடுப்படியில் ஒரு சட்டியிலும் ஒரே நேரத்தில் விதைத்தார்கள். மொச்சையும் தட்டப்பயறும் பாசிப்பயறும் மற்றதுமாக ஒன்பதையும் தவசிக்கனியே தன் கையால் அள்ளித் தூவி, தன் கையாலேயே எரு மூடினாள். இருட்டில் வைக்க வழியில்லை. அவளே வெயில், அவளை எந்த இருட்டுக்குள் கொண்டுபோவது? சட்டியை அம்மிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அதன் எதிரில் உட்கார்ந்துகொண்டாள். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பக்கத்து வீட்டில் முளை கண்டுவிட்டது என்று கும்மிச் சத்தத்திலேயே தெரிந்தது. "மைனி, தோண்டிப் பாக்காதீங்க, கேட்டீங்களா" என்று சுயம்பு இரண்டு தரம் சொல்லிவிட்டுப் போனாள். ஆழமாக மூடிவிட்டேனோ, அதிகமாகத் தெளித்துவிட்டேனோ, அல்லது கைதானோ, கைதானோ என்று அவள் மனது அரைத்துக்கொண்டே கிடந்தது.

நான்காம் நாள் காலையில் பாசிப்பயறு ஒன்று குனிந்த கழுத்தோடு மண்ணை முட்டிக்கொண்டு வெளியே வந்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தலையை நிமிர்த்தி, இரண்டு இலையையும் பிரித்து, அவளைப் பார்த்தது. பின்னாலேயே மற்றவை. தவசிக்கனி அழுதாள். அடுப்படித் தரையில் நெற்றி முட்ட விழுந்து, சட்டியைக் கும்பிட்டாள், பயறைக் கும்பிட்டாள், செம்மண்ணைக் கும்பிட்டாள், தன்னைக் கறுக்கக் கறுக்கச் சுட்ட அந்த வெயிலையும் கும்பிட்டாள். சத்தம் கேட்டு வந்த சுயம்பு, "ஒன்னாலதான்ட்டி, ஒன்னாலதான்" என்று மைனி தன் காலைப் பிடிக்க வருவதைக் கண்டு பதறிப்போய்த் தானும் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்தப் பாரி சாண் உயரம்தான் வளர்ந்தது. ஆனால் என்ன பச்சை! கமிட்டி வந்து பார்த்தது. ஆதிலிங்கத்துக்கு மனசு கேட்கவில்லை, ஆனாலும் முடியாதென்று தலையை ஆட்டினார். "பாரின்னா வெள்ளையா மஞ்சளாத்தான் இருக்கணும். இத வீட்டு வாசல்ல வச்சுக் கும்பிட்டுக்கிடட்டும். ஊருவலத்துல சேக்க முடியாது." முத்துப்பேச்சி அவரோடு மல்லுக்கு நின்றாள், பலிக்கவில்லை.

"மொளச்சுதுல்லா, அது போதும் எனக்கு" என்றாள் தவசிக்கனி. அது பச்சைப் பொய். அன்று மத்தியானம் அவள் டிரங்குப் பெட்டியிலிருந்து, பாரி தூக்கக் கட்டுகிற மஞ்சள் சேலையை எடுத்து உதறி, கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்துவிட்டு, மடித்து உள்ளேயே வைத்ததைச் சுயம்பு பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

பத்தாம் நாள் வெயில் தாழ்ந்ததும் மேளம் வந்தது. இருட்டறையைத் திறந்தார்கள். முப்பது பாரியும் நடுச்சுவரைத் துளைக்கிற மாதிரி, அடுப்படி இருந்த திசையைப் பார்த்து ஒரே சாய்வாகச் சாய்ந்திருந்தன. நிறம் மட்டும் வெளிறி மஞ்சளாக, குறையொன்றும் இல்லை.

"வெளிய வந்தா நிமிந்துக்கிடும்" என்றார் ஆதிலிங்கம்.

நிமிரவில்லை. பெண்கள் பாரியைத் தலையில் ஏற்றிக்கொண்டு கிழக்கே கடலைப் பார்த்து நடந்தார்கள்; முளைகளோ மேற்கே பொன்லிங்கம் வீட்டைப் பார்த்து வளைந்தன. அடி வைக்க வைக்க வளைவு கூடியது. சட்டிகள் பின்பக்கமாக நழுவ, ஒரு கையால் பிடித்தார்கள், பிறகு இரண்டு கையாலும் பிடித்தார்கள். பிடித்த கையோடு எங்கே கும்மியடிப்பது? மேளக்காரர் ஒரு அடியை விட்டுவிட்டு அடித்தார். தெருமுனையில் திரும்பினார்கள், முளைகளும் திரும்பி மறுபடி அந்த வீட்டையே பார்த்தன. முன்னால் போன முத்துப்பேச்சி நின்றாள்.

"நா திரும்புதேன். என் கழுத்து ஒடியுது" என்றாள் சத்தமாக.

அவள் திரும்பினாள். பின்னால் வந்த இருபத்தொன்பது பேரும் திரும்பினார்கள். மேளமும் வேறு வழியில்லாமல் திரும்பியது. வீட்டை நெருங்க நெருங்கச் சட்டிகள் தலையில் நிலையாக உட்கார, பெண்களின் கைகள் தாமாக இறங்கின, கும்மிப் பாட்டு எழும்பியது. பொன்லிங்கம் வீட்டு வாசலில் வந்து நின்றபோது முப்பது பாரியும் வாசலுக்குள்ளே தலையை நீட்டின.

கதவு சாத்தியிருந்தது. சுயம்பு திறந்தாள். உள்ளே தவசிக்கனி பழைய சேலையில், சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

எல்லோரும் ஆதிலிங்கத்தைப் பார்த்தார்கள். அவர் பாரிகளைப் பார்த்தார். தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"அம்மையே அங்கதான் பாத்துக்கிட்டு இருக்கா, பெறவு நா என்னத்தச் சொல்ல?" என்றார். "வரச் சொல்லுங்க. தாழ்ந்த வெயிலுதான், இருந்தாலும் முக்காடு போட்டுக்கிடட்டும். கண்ணு பத்திரம்."

சுயம்பு அதற்குள் மஞ்சள் சேலையை எடுத்து வந்துவிட்டாள். தவசிக்கனி அதைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். முத்துப்பேச்சி தன் தோளில் கிடந்த துணியை முக்காட்டுக்கு நீட்டினாள். தவசிக்கனி அதை வாங்கி, சும்மாடு சுற்றித் தலையில் வைத்துக்கொண்டாள்.

"முக்காடு வேண்டாம்ட்டி. போதும், ரெண்டு பேருக்குமே" என்றாள். பிறகு, "பக்கத்துல வா. எதுக்க நின்னதெல்லாம் அளத்தோட போவட்டும்" என்றாள்.

சுயம்பும் பொன்லிங்கமும் இரண்டு பக்கமும் பிடித்துப் பச்சைப் பாரியைத் தூக்கி அவள் தலையில் வைத்தார்கள். முகத்தை மறைக்காமல் தவசிக்கனி தெருவில் இறங்கினாள். மேளம் இப்போது ஒரு அடியையும் விடவில்லை. கடலுக்குப் போகிற பாதை நெடுக, முன்னால் போனவை பின்னால் பார்த்தும், பின்னால் வந்தவை முன்னால் பார்த்தும், முப்பது பாரிகளும் அவளைப் பார்த்தே சாய்ந்து வந்தன. அவள் தலையில் இருந்த பாரி மட்டும் எந்தப் பக்கமும் சாயாமல், தேட வேண்டியது ஒன்றுமில்லாமல், நேராக நின்றது.